அம்மா பறித்த ஆப்பிள்

தோட்டத்து லயத்துக்குள் ஆப்பிள் எப்போது வரும்? வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் வரும். பார்க்க வருகிறவர்கள் மெல்லிய தாளில் சுற்றிய நாலு பழம் வாங்கி வருவார்கள். நோயாளி ஒன்றைத் தின்றால், மீதி மூன்றும் வீடு வந்து சேரும். ஒரு பழத்தை எங்கள் அம்மா எட்டுத் துண்டாக நறுக்குவார். பிள்ளைகள் ஆறு பேருக்கு ஆறு துண்டு. அப்பாவுக்கு ஒன்று. பாட்டிக்கு ஒன்று. கணக்கு முடிந்தது. அம்மாவுக்கு? விதை ஒட்டியிருக்கும் நடுத்தண்டு!

“எனக்கு இதுதான் பிடிக்கும்” என்பார். நாங்களும் அதை நம்பினோம்.

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்கத் தொடங்கிய முதல் நாளே ‘ஏ’ என்றால் ஆப்பிள் என்று உரக்கச் சொன்னோம். ஆனால் அந்தப் பழம் மரத்தில் காய்க்கிறதா, கொடியில் காய்க்கிறதா என்று கேட்டிருந்தால் விழித்திருப்போம். பால்மரமும் செம்பனையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆப்பிள் மரம் என்பது புத்தகத்தில் உள்ள படந்தான்.

அந்த மரத்தை அருகில் நின்று பார்க்கவும், கையால் பழம் பறிக்கவும் சென்ற பள்ளி விடுமுறையில் எங்களுக்கு வாய்த்தது. அதுவும் பனி கொட்டும் நாட்டில் அல்ல. நம் பக்கத்து நாடான இந்தோனேசியாவில், பூமத்திய ரேகைக்குத் தெற்கே எட்டுப் பாகை தூரத்தில்!

பத்து என்னும் ஊர்

கேமரன் மலைக்குப் போய் ஸ்ட்ராபெர்ரி பறித்து வந்ததிலிருந்து என் சின்ன மகளுக்கு ஒரே ஆசை. “அப்பா, அடுத்தது ஆப்பிள்” என்று நச்சரித்தாள். ஆப்பிள் என்றால் நியூசிலாந்துக்கோ ஜப்பானுக்கோ அல்லவா போக வேண்டும், நம் சம்பளத்துக்கு அது கட்டுமா என்று தயங்கினேன். அப்போதுதான் உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் கிழக்கு ஜாவாவைப் பற்றிச் சொன்னார். அங்கே மாலாங் நகரத்தை ஒட்டிய மலையில் ஓர் ஊர். பெயர் பத்து. நம் பத்துமலையில் இருக்கும் அதே மலாய்ச் சொல்தான். கல் என்று பொருள். அந்த ஊரின் அடையாளமே ஆப்பிள்.

அம்மாவுக்கு இப்போது 74 வயது. “எனக்கு எதுக்குப்பா ஏரோப்பிளேன்? நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்” என்றார். பேத்தி விடவில்லை. “பாட்டி வந்தாத்தான் நானும் வருவேன்” என்று ஒற்றைக் காலில் நின்று சாதித்துவிட்டாள்.

கோலாலம்பூரிலிருந்து சுராபாயாவுக்கு விமானத்தில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அங்கே இறங்கியதும் கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைக்க வேண்டும். வாடகைக் காரில் தெற்கே போனால் நெல் வயலும் கரும்புக் காடுமாக நிலம் விரிகிறது. மாலாங் வரை நெடுஞ்சாலை இருப்பதால் அலுப்புத் தெரியவில்லை. வழியில் வலப்பக்கம் நீல நிறத்தில் ஒரு பெரிய மலை கூடவே வந்தது. ஓட்டுநர் அதைக் காட்டி, “குனோங் அர்ஜுனோ” என்றார். 3,339 மீட்டர் உயரமுள்ள அந்த எரிமலைக்கு நம் பாரதத்து அர்ச்சுனன் பெயர்தான். அம்மா காருக்குள்ளேயே கையெடுத்துக் கும்பிட்டார்.

மாலாங் நகரத்திலிருந்து பத்துவுக்குப் போகும் சாலையில் டினோயோ என்ற பகுதி வருகிறது. அங்கே கிடைத்த பழைய கல்வெட்டு கி.பி. 760ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கஜயானா என்ற அரசன், சந்தன மரத்தில் இருந்த அகத்தியர் சிலைக்குப் பதிலாகக் கருங்கல்லில் ஒரு சிலை செய்து வைத்ததாக அது சொல்கிறது. நம் அகத்திய முனிவர் கடல் கடந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்!

அங்கிருந்து சாலை மேலே ஏறுகிறது. காற்று குளிர்கிறது. வீட்டு வாசல்களில் ரோஜாத் தொட்டிகள். கடைத் தெருவில் எங்கு பார்த்தாலும் ஆப்பிள் படம். டச்சுக்காரர்கள் இந்த ஊரைக் ‘குட்டி சுவிட்சர்லாந்து’ என்று அழைத்தார்களாம். ஜாவாவின் இரண்டாவது நீளமான ஆறாகிய பிராந்தாஸ் பிறப்பதும் இந்த மலையில்தான்.

தோட்டத்துக்குள்ளே

மறுநாள் காலை புமியாஜி பக்கத்தில் இருந்த ஒரு பழத்தோட்டத்துக்குப் போனோம். வாசலில் ‘பெத்திக் ஆப்பெல்’ என்று பலகை. நம் மலாயில் ‘ஏப்பல்’ என்பதை அவர்கள் ‘ஆப்பெல்’ என்கிறார்கள். பெத்திக் என்றால் பறிப்பது என்று நமக்குத் தெரியும்.

நுழைவுக் கட்டணம் ஆளுக்கு நம் பணத்தில் பத்து வெள்ளிக்குள்தான். சட்டம் எளிது. உள்ளே இருக்கும்வரை எவ்வளவு வேண்டுமானாலும் பறித்துத் தின்னலாம், அதற்குக் காசு கிடையாது. வெளியே கொண்டுபோக விரும்பும் பழத்துக்கு மட்டும் எடை போட்டுக் காசு கொடுக்க வேண்டும். ஆளுக்கொரு கூடை கொடுத்தார்கள். வழிகாட்ட ஓர் இளைஞர் கூடவே வந்தார்.

ஆப்பிள் மரம் என்றால் வானத்தைத் தொடும் என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு வியப்பு. மரங்கள் ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலேதான் இருந்தன. கிளைகளை மேலே போக விடாமல் வளைத்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். நேராக நிமிர்ந்த கிளை இலையைத்தான் தள்ளுமாம், படுக்கையாக வளைந்த கிளையில்தான் பூ மொட்டு நிறையப் பிடிக்குமாம். அதனால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் கை எட்டும் உயரத்தில் பழம் தொங்குகிறது.

மூன்று வகைப் பழங்களைப் பார்த்தோம். நம் கடைகளில் காணும் இரத்தச் சிவப்பு ஆப்பிள் அல்ல இவை. ‘ரோம் பியூட்டி’ என்பது பச்சை உடம்பில் சிவப்புக் கோடு இழுத்தது போல இருக்கும். புளிப்பு தூக்கல். ‘அன்னா’ என்பது சற்று நீண்டு சிவந்திருக்கும். குளிர் அதிகம் கேட்காத வகையாக இஸ்ரேலில் உருவாக்கப்பட்டது. மூன்றாவது வெளிர் பச்சை நிறத்தில் உருண்டையாக இருக்கும் ‘மானாலாகி’. மலாய் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயரே சிரிப்பை வரவழைக்கும். மானா லாகி என்றால் ‘இன்னும் எங்கே?’ என்றுதானே பொருள்! ஒன்றைத் தின்றவன் அடுத்ததைத் தேடுவான் என்று வைத்த பெயராம். பிஞ்சிலேயே இனிக்கும் பழம் அது.

இளைஞர் பறிக்கக் கற்றுக்கொடுத்தார். பழத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கித் தூக்கி, மெல்லத் திருக வேண்டும். காம்போடு கழன்று கையில் விழும். இழுத்தால் பழம் பிடித்திருந்த குச்சியும் சேர்ந்து முறிந்துவிடும். அடுத்த காய்ப்பு அந்தக் குச்சியில்தான் வர வேண்டும். “ஒரு பழத்துக்கு ஆசைப்பட்டு நாளைய பழங்களை ஒடிக்காதீர்கள்” என்றார் சிரித்துக்கொண்டே.

பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். மனைவியும் கூடையோடு போனாள். அம்மா மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிரையின் நடுவே நடந்தார். ஒரு பழத்தையும் தொடவில்லை.

“ஏம்மா, பறிக்கலியா?”

“ஏம்ப்பா, காசையும் கட்டிட்டு நாமளே பறிக்கணுமா? இதுக்குப் பேரு வேலை இல்லியா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அடுத்தவங்க மரம்ப்பா. கை வரமாட்டேங்குது” என்றார்.

பதினாறு வயதில் உளி பிடித்தவர் அம்மா. தோட்டம் துண்டு துண்டாக விற்கப்படும்வரை முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். இருட்டில் எழுந்து, பெரட்டுக்கு நின்று, தினம் நானூறு ஐந்நூறு மரத்தைச் சுற்றி வந்தவர். எந்த மரம் எவ்வளவு பால் கொடுக்கும் என்று முகம் பார்த்தே சொல்லுவார். ஆனால் அந்த மரங்களில் ஒன்றுகூட அவருடையது அல்ல. மங்கில் ஒட்டிய ஒட்டுப்பால்கூடத் தோட்டத்துக் கணக்கில்தான் சேரும்.

பெர்ச்சுமா

தோட்டத்தின் மேல் வரிசையில் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். தலையில் துண்டு, அதன்மேல் கூம்புத் தொப்பி. அம்மாவின் கால்கள் தாமாக அந்தப் பக்கம் திரும்பின. சுற்றுலாப் பயணிகளை விட வேலைக்காரர்தான் அவருக்குச் சொந்தக்காரர் போலும்.

அம்மாவுக்குப் பாசார் மலாய் நன்றாக வரும். கையில் இருந்த நுழைவுச் சீட்டைக் காட்டி, “இங்கே தின்பது பெர்ச்சுமாவா?” என்று கேட்டார். நம் மலாயில் பெர்ச்சுமா என்றால் இலவசம் அல்லவா? அந்தப் பெண்மணியின் முகம் சுருங்கியது. “ஏன் பெர்ச்சுமா? பழம் நன்றாகத்தானே இருக்கிறது?” என்றார்.

இளைஞர் ஓடி வந்து விளக்கினார். இந்தோனேசிய மொழியில் பெர்ச்சுமா என்றால் ‘வீண்’, ‘பயனில்லாதது’ என்று பொருளாம். இலவசத்துக்கு அங்கே ‘கிராத்திஸ்’ என்பார்கள். இங்கே தின்பது வீணா என்று அம்மா கேட்டதாக அவர் நினைத்துவிட்டார்! விஷயம் தெரிந்ததும் இருவரும் வாய் விட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே சிநேகம் பிறந்துவிட்டது. “இபு, உட்காருங்கள்” என்று அவர் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்.

அவர் செய்துகொண்டிருந்த வேலையைப் பார்த்துத்தான் அம்மா திகைத்தார். நல்ல பச்சை இலைகளை, ஒரு கிளையில் ஒன்றுவிடாமல், கையால் உருவிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார் அந்தப் பெண்மணி. ஏற்கெனவே முடித்திருந்த வரிசையில் மரங்கள் மொட்டையாக நின்றன.

“மரம் செத்துடாதா?” என்று அம்மா பதறினார்.

“இலையை உருவாவிட்டால்தான் பழம் வராது” என்றார் அவர்.

இலை கொட்டினால் என்ன நடக்கும்?

ஆப்பிள் மரம் குளிர் நாட்டுப் பிள்ளை. அங்கே குளிர்காலம் நெருங்கும்போது தன் இலைகளைத் தானே உதிர்த்துவிட்டு உறங்கும். பல வாரக் குளிரை அனுபவித்த பிறகுதான் அதன் மொட்டுகள் விழிக்கும், பூக்கும். குளிர் கிடைக்காவிட்டால் மொட்டுகள் ஒழுங்காகத் திறப்பதில்லை. பத்துவில் குளிர்ச்சி உண்டே தவிர அப்படிப்பட்ட குளிர்காலம் இல்லை. ஆகவே அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பழம் பறித்து முடித்த சில வாரங்களுக்குள், மரம் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும் முன்பே, இலைகளை எல்லாம் கையால் உருவிவிடுகிறார்கள். மரம் தட்டி எழுப்பப்பட்டது போல மொட்டு விடுகிறது, பூக்கிறது. இலை உருவியதிலிருந்து ஏறக்குறைய ஐந்து மாதத்தில் பழம் கைக்கு வந்துவிடும். குளிர் நாட்டில் வருடத்துக்கு ஒரு காய்ப்பு. இங்கே இரண்டு!

ஒரு துண்டு நிலத்தில் இன்று இலை உருவினால், அடுத்த துண்டில் அடுத்த மாதம் உருவுகிறார்கள். அதனால் ஏதாவது ஓர் இடத்தில் எப்போதும் பழம் இருக்கிறது. நாம் விடுமுறைக்கு எந்த மாதம் போனாலும் பறிக்க முடிவது இதனால்தான்.

அம்மா இதைக் கவனமாகக் கேட்டார். பிறகு தன் கதையைச் சொல்லத் தொடங்கினார். நம் பால்மரமும் இலை கொட்டுகிற மரந்தானே? பொங்கல் கழிந்து சில வாரத்தில் இலை பழுத்துச் சிவந்து காடெல்லாம் கொட்டும். வெட்டுக்காட்டில் நிழலே இருக்காது. காய்ந்த இலை காலடியில் நொறுங்கும். துளிர் விட்டு மரம் தேறும்வரை பால் குறையும். பால் குறைந்தால் சம்பளம் குறையும். கடைக்காரர் பற்றுப் புத்தகம் மட்டும் கனக்கும். எங்கள் வீட்டில் இரண்டு வேளைக் கஞ்சி ஒரு வேளையானது அந்த மாதங்களில்தான். பிள்ளைகளாகிய நாங்கள் உதிர்ந்த இலையில் புரண்டு விளையாடினோம். அம்மா அண்ணாந்து துளிரைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது.

“எங்க மரம் தானா எலையக் கொட்டும். அப்ப எங்களுக்குப் பட்டினி. நீங்க கையால கொட்ட வைக்கிறீங்க. அதுலதான் உங்களுக்குச் சோறு” என்று அம்மா தமிழும் மலாயும் கலந்து சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, “இதைச் சரியா எடுத்துச் சொல்லுப்பா” என்றார். சொன்னேன். அந்தப் பெண்மணி வேலையை நிறுத்திவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உளி பிடித்துக் காய்த்த கை. தம் கையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இலைச்சாறு ஏறிக் கறுத்திருந்தது.

யாருடைய மரம்?

“இந்தத் தோட்டத்தில் உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு?” என்று அம்மா கேட்டார். நமக்கு முதலில் வருகிற கேள்வி அதுதானே!

அவர் சிரித்தார். இந்த வரிசைகள் அவர் குடும்பத்துக்குச் சொந்தமாம். மாமனார் நட்ட மரங்கள். பத்துவில் ஆப்பிள் பயிரிடுகிறவர்களில் பெரும்பாலோர் இப்படிச் சிறு நிலக்காரர்கள்தாம். அக்கம்பக்கத்தார் சேர்ந்து பயணிகளை உள்ளே விடுகிறார்கள். யார் மரத்தில் பறிக்கிறார்களோ அவருக்குப் பழத்தின் காசு போகிறது.

ஆப்பிள் இந்த மலைக்கு வந்த கதையையும் இளைஞர் சொன்னார். 1930களில் டச்சுக்காரர்கள் கிழக்கு ஜாவாவின் மலைகளுக்கு ஆப்பிள் கன்றுகளைக் கொண்டுவந்தார்கள். பத்துவில் அது பெருகியது 1960களில்தான். அதற்கு முன்பு இங்கே ஆரஞ்சுத் தோட்டங்கள் இருந்தன. நோய் தாக்கி அவை அழியவே, அந்த இடத்தில் ஆப்பிளை நட்டார்கள். எரிமலை மண்ணும், மழைக்காலம் போனால் தெளிவாக வருகிற வறண்ட காலமும் பயிருக்கு ஒத்துழைத்தன. ஊர் செழித்தது.

ஆனால் இப்போது காற்று வேறு பக்கம் வீசுகிறது. மலையில் சூடு முன்பை விட ஏறிவிட்டது. மரங்கள் கிழடாகிவிட்டன. பல வருடம் உரமும் மருந்தும் கண்ட மண்ணுக்குச் சத்துக் குறைந்துவிட்டது. பூச்சிக்குச் செலவு கூடுகிறது. சந்தையில் வெளிநாட்டு ஆப்பிள் வந்து குவிகிறது. ஆகவே பலர் ஆப்பிளை வெட்டிவிட்டு மறுபடியும் ஆரஞ்சு நடுகிறார்கள். ஆரஞ்சு போய் ஆப்பிள் வந்த ஊரில், ஆப்பிள் போய் ஆரஞ்சு வருகிறது!

அந்தப் பெண்மணியும் பாதி நிலத்தை ஆரஞ்சுக்கு மாற்றிவிட்டார். “மீதி?” என்று கேட்டார் அம்மா.

“மகன் சுராபாயாவில் வேலை பார்க்கிறான். அதையும் மாற்றிவிடு, இலை உருவுகிற வேலையாவது மிச்சம் என்கிறான். எனக்கு மனம் வரவில்லை” என்றார்.

அம்மா வெகு நேரம் பேசவில்லை. பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டதையும், செம்பனையைச் சாய்த்து வீடு கட்டியதையும் கண்ணால் பார்த்தவர் அவர். நம் தோட்டங்களில் எந்த மரத்தை எப்போது வெட்டுவது என்று நம்மை யாரும் கேட்டதில்லை. இந்த அம்மாளுக்குக் கவலை இருக்கிறது, கடனும் இருக்கலாம். ஆனாலும் வெட்டலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை அவர் கையில் இருக்கிறது. அந்த வித்தியாசத்தை அம்மா எனக்கு விளக்கவில்லை. “அவங்க சொந்த மரம்ப்பா” என்று மட்டும் சொன்னார். அதைச் சொன்ன விதத்தில் எல்லாம் அடங்கியிருந்தது.

முழுப் பழம்

புறப்படும் முன் அந்தப் பெண்மணி அம்மாவை ஒரு மானாலாகி மரத்தடிக்கு அழைத்துப் போனார். “இபு, இது என் மரம். நான் சொல்கிறேன், பறியுங்கள்” என்றார்.

அம்மா கைகளை முன்னால் கொண்டுவந்தார். பழத்தை ஏந்தினார், தூக்கினார், திருகினார். குச்சிக்கு ஒரு கீறலும் இல்லை. பட்டைக்கு அடியில் காயம் படாமல் முப்பது வருடம் மரம் வெட்டிய கைக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்ன? “இந்தத் தோட்டத்தில் இவ்வளவு அழகாகப் பறித்த விருந்தாளி நீங்கள்தான்” என்றார் இளைஞர்.

குழாயடியில் கழுவி, முந்தானையில் துடைத்து, அம்மா பழத்தை என்னிடம் நீட்டினார். பழக்கம்! நறுக்கிப் பங்கு வைக்கச் சொல்கிறார்.

“எல்லாரும் வேணுங்கிற மட்டும் தின்னாச்சும்மா. இது உங்களுக்கு” என்றேன்.

அம்மா கடித்தார். நான் அறிந்து அவர் ஒரு முழு ஆப்பிளைத் தின்றது அன்றுதான். நிதானமாகச் சுற்றிச் சுற்றிக் கடித்து, கடைசியில் நடுத்தண்டைக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு அதை மரத்தடியில் போட்டார்.

“நடுத்தண்டுதானே உங்களுக்குப் பிடிக்கும்?” என்று கேட்டேன்.

“போடா” என்றார்.

பேத்தி ஓடி வந்து, “பாட்டி, மானா லாகி?” என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தோம். நல்லவேளை, என் கண்ணைத் துடைத்துக்கொள்ள அந்தச் சிரிப்பு உதவியது.

வாசலில் கூடைகளை எடை போட்டார்கள். அம்மா தராசின் அருகிலேயே நின்று முள்ளை உற்றுப் பார்த்தார். பால் நிறுக்கும் இடத்தில் நின்று பழகிய கண் அல்லவா! நாலு கிலோ சரியாக இருந்தது. காசு கொடுத்த பிறகு, நிறுத்தவர் இரண்டு பழத்தை எடுத்துக் கூடையின் மேல் வைத்தார். “போனஸ்” என்றார்.

காரில் ஏறியதும் அம்மா சொன்னார்: “முப்பது வருசம் தராசுல பாலைக் கொட்டினேன். நிறுத்தப்புறம் ஒரு சொட்டு எனக்குன்னு யாரும் திருப்பித் தந்ததில்ல.”

செல்ல விரும்பும் குடும்பங்களுக்கு

சுற்றுலாவாகப் போகும் மலேசியர்கள் இந்தோனேசியாவில் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு, மேட்டில் நடக்க எளிது. மற்ற மாதங்களில் வழுக்காத செருப்பு அவசியம். குளிர் தாங்காத முதியவர்களுக்கு ஒரு கம்பளிச் சட்டை எடுத்துச் செல்லுங்கள். ஆப்பிளுக்குப் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். பிள்ளைகள் பறித்தவுடன் கடிக்க அவசரப்படுவார்கள். கழுவிக் கொடுங்கள்.

சாப்பாட்டுக்குத் தவிக்க வேண்டாம். நம் தொண்டைக்கு ஒத்துவரும் கடலைச் சாந்து ஊற்றிய பெச்செல், காடோ காடோ, தௌஹூ, தெம்பே எங்கும் கிடைக்கும். மாலாங்கில் பேர்போன ‘பாக்சோ’ என்னும் இறைச்சி உருண்டையில் பெரும்பாலும் மாட்டிறைச்சி இருக்கும். தவிர்ப்பவர்கள் கேட்டு வாங்குங்கள். பழத்தை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வரலாம் என்று நினைக்காதீர்கள். அனுமதிப் பத்திரம் இல்லாமல் பச்சைப் பழத்தை நம் நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அதற்குப் பதில் ஆப்பிள் டோடோல், ஆப்பிள் கிரிப்பே கடைகளில் நிறைய உண்டு.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று. வீட்டில் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்கள் இருந்தால், வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுவிட்டுப் போகாதீர்கள். பழம் பார்க்க நமக்குக் கண் போதும். மரம் பார்க்க அவர்கள் வேண்டும்.

எங்கள் நாலு கிலோ பழத்தில் பாதியைத் தங்கும் விடுதியில் கூட்டிப் பெருக்கும் பெண்களுக்கு அம்மா பங்கு வைத்துவிட்டார். மீதியை நாங்கள் ஊர் திரும்பும் முன் தின்று தீர்த்தோம்.

ஊர் வந்த மறுநாள், பழைய லயத்துத் தோழிகள் நாலைந்து பேர் எங்கள் தாமான் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஆப்பிள் டோடோலை நறுக்கித் தட்டில் வைத்தாள் என் மனைவி. விமானம் எப்படி, குளிர் எப்படி, பழம் எப்படி என்று ஆளுக்கொரு கேள்வி. அம்மா அதற்கெல்லாம் பதில் சொல்லவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினார்:

“அதெல்லாம் கெடக்கட்டும். அங்க எலைய என்ன பண்றாங்க தெரியுமா?”